காட்டுக்கு நாயைத் தெரியும்

கனடாவின் டொராண்டோ நகரிலிருந்து வடக்கே காரில் மூன்று மணி நேரம் போனால் அல்கொன்குவின் பூங்கா வரும். பூங்கா என்றதும் ஊஞ்சலையும் சறுக்குமரத்தையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். இது 7,600 சதுர கிலோமீட்டருக்கும் மேல் விரிந்து கிடக்கும் பெருங்காடு. 1893ஆம் ஆண்டிலிருந்தே பாதுகாத்து வருகிறார்கள். உள்ளே ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள் இருக்கின்றன. மேப்பிள் இலைகள் சிவக்கும் பருவத்தில் டொராண்டோவில் வாழும் தமிழ்க் குடும்பங்களும் அங்கே நடக்கப் போவதுண்டு.

அங்கே நாயையும் கூட்டிப் போகலாம். ஆனால் கழுத்துப்பட்டையில் கயிறு கட்டியிருக்க வேண்டும், அந்தக் கயிறு 2 மீட்டருக்கு மேல் நீளக் கூடாது. மிஸ்ஸி ஏரிப் பாதை என்று ஒன்று இருக்கிறது. ஒன்பது குளம், ஏரிகளைத் தொட்டுக்கொண்டு போகும் அருமையான பாதை. அதில் நாய்க்கு அனுமதியே கிடையாது, கயிறு கட்டியிருந்தாலும் சரி.

ஏன் இந்தக் கண்டிப்பு? நாய் என்ன, மரத்தையா வெட்டப் போகிறது? இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால், நாயின் மூக்கிலிருந்து தொடங்க வேண்டும்.

காட்டுப் பாதையில் நாய் நடப்பதைக் கவனியுங்கள். நாம் ஏரியையும் மலையையும் பார்த்துக்கொண்டு நடப்போம். நாயோ தலையைக் குனிந்து, ஒரு பட்டுப்போன மரத்தின் அடியில் நின்றுவிடும். இழுத்தாலும் வராது. அந்த இடத்தில் நேற்றிரவு ஒரு மூஸ் மான் நின்றிருக்கலாம், நரி சிறுநீர் கழித்திருக்கலாம். நம் மூக்கில் வாசனையை அறியும் செல்கள் ஐம்பது, அறுபது லட்சம் இருக்கும். சில வகை நாய்களுக்கு அது இருபது கோடிக்கும் மேல்!

எண்ணிக்கை மட்டும் இல்லை, மூக்கின் அமைப்பும் அபாரமானது. நாம் மூச்சை இழுக்கும் வழியாகவே வெளியே விடுகிறோம். நாயின் மூக்குத் துளைகளைப் பாருங்கள், இரு பக்கமும் ஒரு சிறு பிளவு இருக்கும். வெளிவிடும் காற்று அந்தப் பிளவுகள் வழியாகப் பக்கவாட்டில் பின்னோக்கிப் போய்விடுகிறது. அந்த வேகத்தில் புது வாசனை முன்பக்கம் வந்து சேர்கிறது. உள்ளே போன காற்றும் இரண்டாகப் பிரியும். பெரும்பகுதி நுரையீரலுக்குப் போகும். ஒரு சிறு பகுதி மட்டும் மூக்கின் பின்புறத்தில் இருக்கும் வாசனை அறைக்குப் போய்த் தங்கும். இப்படி ஒரு விநாடிக்கு ஐந்து முறை வரை முகர்கிறது நாய்.

ஒருவர் நடந்துபோன தடத்தைக் கண்டுபிடித்தால் போதாது, அவர் எந்தத் திசையில் போனார் என்றும் தெரிய வேண்டுமே! பயிற்சி பெற்ற நாய்களுக்கு அதற்கு எத்தனை காலடிகள் தேவை என்று ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2005இல் வெளியானது. வெறும் ஐந்து காலடிகள்! முதல் அடியைவிட ஐந்தாவது அடி ஒரு சில விநாடிகள்தான் புதியது. அந்தச் சின்ன வித்தியாசத்தை நாய் முகர்ந்து பிடித்துவிடுகிறது. ஆகவே நாய் நின்றால் கொஞ்சம் நிற்கவிடுங்கள். அது வேடிக்கை பார்க்கும் விதம் அதுதான்.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். காட்டை நாய் முகர்கிறது. காடும் நாயை முகர்கிறது!

அல்கொன்குவின் காட்டில் ஓநாய்கள் உண்டு. நம் வீட்டு நாய்கள் குறைந்தது 15,000 ஆண்டுகளுக்கு முன் ஓநாய்க் கூட்டத்திலிருந்து பிரிந்து வந்தவை. உங்கள் நாய் எவ்வளவு சாதுவாக இருந்தாலும், புதருக்குள் இருக்கும் மான்குட்டிக்கும் தரையில் கூடு கட்டிய பறவைக்கும் அது தெரியாது. அவற்றைப் பொறுத்தவரை வருவது வேட்டை விலங்குதான்.

இதை அழகாகச் சோதித்துப் பார்த்தார்கள் ஆஸ்திரேலியாவில். பீட்டர் பேங்க்ஸ், ஜெசிக்கா பிரையன்ட் என்ற இரு ஆய்வாளர்கள் சிட்னி நகரை ஒட்டிய காட்டுப் பாதைகளில் ஆட்களை நடக்கவிட்டார்கள். சில பாதைகளில் கயிறு கட்டிய நாயோடு ஒருவர், சிலவற்றில் நாய் இல்லாமல் ஒருவர், சிலவற்றில் யாருமே இல்லை. பிறகு பறவைகளை எண்ணினார்கள். யாரும் நடக்காத பாதையோடு ஒப்பிட்டால், நாய் நடந்த பாதையில் பறவைகளின் எண்ணிக்கை 41 விழுக்காடு குறைந்திருந்தது. பறவை இனங்களின் எண்ணிக்கை 35 விழுக்காடு குறைந்திருந்தது. மனிதர் மட்டும் நடந்தபோதும் பறவைகள் குறைந்தன, ஆனால் இந்த அளவுக்கு இல்லை. அடிக்கடி நாய்கள் வந்துபோகும் பாதைகளிலும் இதே கதைதான். பறவைகளுக்கு நாய் பழகிப்போகவில்லை. 2007இல் வெளிவந்த இந்த ஆய்வை நான் பெரிதாக மதிக்கிறேன். ஏனென்றால் அந்த நாய்கள் குரைத்துத் துரத்தவில்லை, வெறுமனே நடந்துதான் போயின.

ஏரிக்கரையில் இன்னும் கவனம் வேண்டும். அங்கே லூன் என்றொரு நீர்ப்பறவை வாழ்கிறது. கனடாவின் ஒரு டாலர் நாணயத்தில் 1987 முதல் இருப்பது இந்தப் பறவைதான். அதனால் அந்த நாணயத்துக்கே லூனி என்று பெயர். லூனின் கால்கள் உடம்பின் பின்கோடியில் இருக்கின்றன. தண்ணீருக்குள் மூழ்கி மீன் பிடிக்க அது மிக வசதி. தரையில் நடப்பதற்கோ படாத பாடு. ஆகவே தண்ணீரை விட்டு அதிகம் விலகாமல், கரையின் விளிம்பிலேயே கூடு கட்டி ஒன்றோ இரண்டோ முட்டை இடும். அவிழ்த்துவிட்ட நாய் கரையோரமாகக் குதித்து ஓடினால், அடைகாக்கும் பறவை தண்ணீருக்குள் இறங்கிவிடும். முட்டை குளிர்ந்துபோகும், அல்லது காக்கை இனப் பறவைகளும் கடற்காக்கைகளும் தூக்கிப் போய்விடும். இரண்டு மீட்டர் கயிறு எதற்கு என்று இப்போது தெரிகிறதா? மிஸ்ஸி ஏரிப் பாதையோ காட்டுயிர்களைப் பார்ப்பதற்கென்றே பேர்போன பாதை. அங்கே கயிறுகூடப் போதாது.

சரி, நாயை அனுமதிக்கும் பாதை ஒன்றில் நடந்து, கூடு எதுவும் இல்லாத கரைக்கு வந்துவிட்டோம். நாய் தண்ணீரில் இறங்கி நனைந்து ஏறுகிறது. உடனே என்ன செய்யும்? நேரே நம் பக்கத்தில் வந்து நின்று உதறும்!

இந்த உதறலை அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் அதிவேகக் கேமராவில் படம் பிடித்து ஆராய்ந்தார்கள். சுண்டெலி முதல் கரடி வரை 16 வகைப் பாலூட்டிகள். சுண்டெலி விநாடிக்கு 30 முறை உதறுகிறது. லாப்ரடார் நாய் நான்கு, ஐந்து முறை. கரடி நான்கு முறை. உருவம் சிறுத்தால் வேகம் கூடுகிறது. ஏன்? சுழலும் பொருளின் மேல் ஒட்டியிருக்கும் நீர்த்துளி தெறித்து விழ வேண்டுமானால், உடம்பு ஒல்லியாக இருக்கும்போது இன்னும் வேகமாகச் சுழன்றாக வேண்டும். நாயின் தோல் உடம்போடு இறுக ஒட்டாமல் தொளதொளவென்று இருப்பதும் இதற்கு உதவுகிறது. முதுகெலும்பு 30 பாகைதான் திரும்பும், தோலோ 90 பாகை வரை வீசி ஆடும். ஒரே உதறலில் ஏறக்குறைய 70 விழுக்காடு தண்ணீர் போய்விடும். உதறாமல் நின்றால்? 27 கிலோ எடையுள்ள நாயின் உரோமத்தில் அரைக் கிலோ தண்ணீர் இருந்தால், உடம்புச் சூட்டிலேயே அதைக் காயவைக்க அன்றைய உணவுச் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு செலவாகும். குளிர் நாட்டு ஏரியில் இது உயிர்ப் பிரச்சினை. எனவே அடுத்த முறை நாய் உங்கள் மேல் தண்ணீர் தெளித்தால் திட்டாதீர்கள். கைபேசியில் மெதுவோட்டப் படமாக எடுத்து, விநாடிக்கு எத்தனை முறை என்று எண்ணிப் பாருங்கள்.

ஆனால் எந்த ஏரியிலும் இறக்கிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். கோடையில் தண்ணீர் சூடாகி அசையாமல் கிடக்கும்போது, பச்சைச் சாயத்தைக் கொட்டியதுபோல் மேலே படலம் கட்டும். நீலப்பச்சைப் பாசி என்று சொல்கிறோம், உண்மையில் அது பாக்டீரியாக் கூட்டம். அவற்றில் சில வகைகள் ஈரலையோ நரம்பையோ தாக்கும் நஞ்சை உண்டாக்கும். நாய் அந்தத் தண்ணீரைக் குடிக்காவிட்டாலும், கரையேறியபின் உரோமத்தை நக்கும் அல்லவா? அதுவே போதும், சில மணி நேரத்தில் உயிர் போய்விடக்கூடும். படலம் கண்ணில் பட்டால் கயிற்றைச் சுருக்கிப் பிடித்து விலகிப் போய்விடுங்கள். குடிக்க வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுபோங்கள்.

அந்தத் தண்ணீர் நிறையவே தேவைப்படும். நம்மைப் போல் நாய்க்கு உடம்பெல்லாம் வேர்க்காது, பாதத்தில் மட்டும் கொஞ்சம் வேர்க்கும். நாக்கைத் தொங்கவிட்டு நிமிடத்துக்கு முந்நூறு முறைகூட இரைத்து, வாயின் ஈரத்தை ஆவியாக்கித்தான் அது உடம்பைக் குளிர்விக்கிறது. இரைப்பு நிற்காவிட்டால் நிழலில் உட்காருங்கள்.

கடைசியாக, காட்டில் நாயைத் தெரிந்துகொள்ளும் இன்னோர் உயிர் இருக்கிறது: உண்ணி. அது பறக்காது, குதிக்காது. புல் நுனியில் ஏறி, முன்னங்கால்களை நீட்டிக்கொண்டு காத்திருக்கும். அந்தக் கால்களில் இருக்கும் நுண்ணிய உறுப்பு, வருகிற விலங்கின் மூச்சுக்காற்றையும் சூட்டையும் வாசனையையும் உணரும். உரசிப் போகும்போது தொற்றிக்கொள்ளும். வட அமெரிக்காவில் கருங்கால் உண்ணி லைம் நோயைப் பரப்புகிறது. ஆனால் அது கடித்த உடனே கிருமி உடம்புக்குள் போய்விடுவதில்லை, பொதுவாக ஒரு நாளாவது ஒட்டியிருக்க வேண்டும். எனவே நடந்துவிட்டு வந்த அன்றைக்கே நாயின் காது மடல், கழுத்துப்பட்டையின் அடி, கால் இடுக்கு, விரல்களின் நடுவே எல்லாம் தடவிப் பாருங்கள். உண்ணி இருந்தால் நீங்களே பிடுங்காமல் பெரியவர்களைக் கூப்பிடுங்கள். தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும், எண்ணெயோ நெருப்போ வேண்டாம். அப்படியே உங்கள் முழங்காலுக்குப் பின்புறத்தையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.