“ஒரு மாதிரியா இருக்கு”

சிங்கப்பூரின் ஜாலான் புசாரை ஒட்டிய தெருக்களில் ஒன்றுக்கு வீராசாமி சாலை என்று பெயர். அந்த வீராசாமி ஒரு மருத்துவர். ஆனால் இந்தப் பக்கத்துக் காப்பிக்கடைகளில் காது கொடுத்துக் கேட்டால், நெஞ்சு கனக்கும்போது நம்மவர்கள் முதலில் தேடுவது மருத்துவரை அல்ல என்பது புரியும். “வாயு பிடிச்சிருக்கு” என்று ஓமத் தண்ணீர். அதற்கும் அடங்காவிட்டால் கோடாலித் தைலம். ஊருக்குப் போகும் பெட்டியில் தவறாமல் ஏறும் அந்தச் சின்னப் புட்டி, 1928இல் சிங்கப்பூரில் பிறந்தது. தலைவலிக்கு நல்லதுதான். மாரடைப்பென்றால், அதைத் தேய்த்துவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் இரத்தம் கிடைக்காத இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும்.

இதயத்தைப் பொறுத்தவரை சிங்கப்பூர் இந்தியர்களுக்குத் தனி வரலாறே உண்டு. டாக்டர் தம்பு ஜான் தனராஜ், பின்னாளில் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தின் முதல் தலைவரானவர். அவரும் உடன் பணியாற்றியவர்களும் 1950 முதல் 1954 வரை சிங்கப்பூரில் நடந்த 9,568 பிரேதப் பரிசோதனைகளை அலசி, 1959இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இதயத் தமனி நோய் சீனர்களைவிட இந்தியர்களிடம் சுமார் ஏழு மடங்கு அதிகம் என்றது அது. தெற்காசியர்களின் இதயம் சீக்கிரம் பழுதாகிறது என்று உலகம் இன்று பேசும் பேச்சின் தொடக்கப் புள்ளிகளில் இதுவும் ஒன்று.

அன்றைய சிங்கப்பூர் இந்தியர்களில் பெண்களைப்போல் இரு மடங்குக்கும் மேல் ஆண்கள். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுப் பிழைக்க வந்தவர்கள். ஆகவே மாரடைப்பு என்றதும் மனத்தில் எழுந்த உருவமும் ஆணுடையதே. பிறகு 1980 முதல் 1984 வரையிலான இறப்புகளை ஆராய்ந்தபோது, சீன ஆண்களோடு ஒப்பிட இந்திய ஆண்களுக்கு ஆபத்து 3.8 மடங்கு, சீனப் பெண்களோடு ஒப்பிட இந்தியப் பெண்களுக்கு 3.4 மடங்கு என்று தெரிந்தது. இந்தக் கூடுதல் ஆபத்தில் அம்மாக்களும் அப்பாக்களுக்குப் பெரிதாகப் பின்தங்கவில்லை.

அந்த ஆண் உருவம் இங்கே மட்டும் பிறந்ததல்ல. இதய வலியை முதலில் தெளிவாக வர்ணித்த லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன், தாம் பார்த்த ஏறக்குறைய நூறு நோயாளிகளில் மூன்றே பேர்தான் பெண்கள் என்று 18ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். நம் சினிமாவும் தன் பங்கைச் செய்தது. கல்யாணம் நின்றுபோனால் இடப்பக்க நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வது பெண்ணின் அப்பா; அம்மா தண்ணீர் கொண்டுவர உள்ளே ஓடுவாள். அவளுக்கே நெஞ்சு வலித்த காட்சி ஏதாவது நினைவுக்கு வருகிறதா?

இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யக் கிளம்பியவர்கள் எதிர்ப்பக்கம் சற்று அதிகமாகவே சாய்ந்துவிட்டார்கள் என்பது என் எண்ணம். ‘பெண்களுக்கு மாரடைப்பில் நெஞ்சு வலிக்காது, களைப்பும் குமட்டலும்தான் வரும்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி பாதி உண்மைகூட இல்லை. அமெரிக்காவில் 55 வயதுக்கு உட்பட்ட 2,009 பெண்களையும் 976 ஆண்களையும் கொண்ட ‘விர்கோ’ ஆய்வில், மாரடைப்பு வந்த பெண்களில் 87 விழுக்காட்டினர் நெஞ்சில் வலியோ அழுத்தமோ இருந்ததாகச் சொன்னார்கள். ஆண்களில் 89.5 விழுக்காடு. பெரிய வித்தியாசமில்லை. வித்தியாசம், நெஞ்சு வலியோடு கூட வருபவற்றில் இருந்தது. தாடை, கழுத்து, முதுகு வலி, மூச்சுத் திணறல், குமட்டல், படபடப்பு என்று மூன்றோ அதற்கு மேலோ துணைத் தொல்லைகள் பெண்களுக்கே அதிகம். எல்லாவற்றையும் அவர்கள் சேர்த்துச் சொல்லும்போது நெஞ்சு வலி கூட்டத்தில் காணாமல் போகிறது. அட்டாக்குக்கு முன்பே இந்தத் தொல்லைகளுக்காக மருத்துவரைப் பார்த்தவர்களில், ‘இது இதயக் கோளாறாக இருக்காது’ என்ற பதில் 53 விழுக்காடு பெண்களுக்குக் கிடைத்தது. ஆண்களில் 37 விழுக்காட்டினருக்கு.

இதயக் கோளாறுக்குக் கையும் முதுகும் ஏன் வலிக்கின்றன? இதயத்திலிருந்து வரும் நரம்புகள் தண்டுவடத்தில் நுழையும் அதே மட்டத்தில்தான் கையிலும் மார்பிலும் மேல்முதுகிலுமிருந்து வரும் நரம்புகளும் நுழைகின்றன. சேதி எங்கிருந்து வந்தது என்று மூளை குழம்பிவிடுகிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் இது பொது. பெண்களிடம் கூடுதலாக இருப்பது வேறு. பெரிய தமனிகள் திறந்தே இருக்க, ஆஞ்சியோகிராமில் தெரியாத நுண்குழாய்கள் சுருங்கிக்கொள்வது. தமனியின் உட்சுவர் தானாகக் கிழிந்துபோவது. பெரும் துக்கத்தில் இதயத்தின் கீழறை உப்பிவிடும் ‘டக்கோட்சுபோ’. ஜப்பானியர்கள் ஆக்டோபஸ் பிடிக்கும் பானையின் பெயர் அது. வருவது பெரும்பாலும் மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு. ‘ஆஞ்சியோவில் அடைப்பில்லை’ என்றால் இதயத்தில் ஒன்றுமில்லை என்று பொருளல்ல.

வார்த்தையும் ஒரு சிக்கல். “வலிக்குதாம்மா?” என்றால் நம் பெண்கள் பலர் “வலியில்லை, ஒரு மாதிரியா இருக்கு” என்பார்கள். இறுக்கம், பாரம், எரிச்சல், யாரோ ஏறி உட்கார்ந்தாற்போல: எல்லாமே மருத்துவக் கணக்கில் நெஞ்சு வலிதான். 2021இல் வந்த அமெரிக்க நெறிமுறை அப்படித்தான் சொல்கிறது. ‘வழக்கத்துக்கு மாறான வலி’ என்ற பழைய முத்திரையையும் அது கைவிட்டது. படியேறும்போது கூடி, உட்கார்ந்தால் குறைகிறதா என்பதைச் சொல்லுங்கள். சர்க்கரை உண்டா, பிள்ளை உண்டானபோது இரத்தக் கொதிப்போ சர்க்கரையோ வந்ததா என்பதையும் சொல்லுங்கள். இருபது வருடம் ஆகியிருந்தாலும் அது இதயத்தின் கணக்கில் சேரும். கனம் சில நிமிடங்களில் தணியவில்லையென்றால் 995 ஆம்புலன்ஸ்தான். டாக்சி பிடிக்க வேண்டாம். உண்மையான அவசரத்துக்கு அந்த ஆம்புலன்சுக்குக் கட்டணமும் இல்லை.

மருத்துவமனையில் இரத்தத்தில் ‘டிரோபோனின்’ பார்ப்பார்கள். இதயத் தசை சேதப்பட்டால் கசியும் புரதம் அது. பரவலாகப் புழங்கும் நுண்ணுணர்வுப் பரிசோதனை ஒன்றில் எல்லைக்கோடு ஆணுக்கு லிட்டருக்கு 34 நானோகிராம், பெண்ணுக்கு 16. இருவருக்கும் பொதுவாக 26 என்று வைத்தால், 20 காட்டும் பெண் ‘ஒன்றுமில்லை’ என்று வீட்டுக்கு அனுப்பப்படுவாள். ஸ்காட்லாந்தில் 48,282 பேரிடம் இந்தத் தனித்தனி எல்லைகளைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். முன்பு தவறிப்போயிருக்கக்கூடிய பெண்கள் நிறையப் பேர் பிடிபட்டார்கள். அதன்பிறகும், ஆண்களுக்குக் கிடைத்த சிகிச்சைகளில் ஏறக்குறையப் பாதிதான் அவர்களுக்குக் கிடைத்தது.