களம் விட்டபின் கனக்கும் உடல்

களத்தில் எஃகுபோல் நின்ற ஒரு விளையாட்டு வீரர், ஓய்வுபெற்ற சில ஆண்டுகளில் பருத்துத் தளர்ந்திருப்பதைக் கண்டு நாம் வியப்பதுண்டு. ‘கட்டுப்பாடு இல்லாதவர்’ என்று எளிதில் தீர்ப்பும் வழங்கிவிடுகிறோம். உண்மையில் அங்கே தடுமாறியிருப்பது உடலின் வரவு செலவுக் கணக்கு.

வட இந்தியாவின் மல்யுத்தப் பயிற்சிக்கூடங்களை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள மல்லர்கள் விடியுமுன்னரே எழுந்து, தண்டாலும் உட்கார்ந்தெழும் பயிற்சியும் நூற்றுக்கணக்கில் செய்கின்றனர். பாலும் நெய்யும் பாதாமும் அவர்களது அன்றாட உணவில் பெரும்பங்கு வகிக்கின்றன. பயிற்சி தொடரும்வரை அவ்வளவும் செலவாகிவிடும். பயிற்சி ஒரே நாளில் நின்றுவிடலாம். பல்லாண்டுகள் பழகிய பசி அவ்வாறு நிற்பதில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, 65 கிலோ எடையுள்ள ஆண் கடுமையாக உழைத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 3,470 கிலோ கலோரி தேவை. அவரே அமர்ந்து பணிபுரிந்தால் 2,110 போதும். இவ்விடைவெளி ஏறத்தாழ 150 கிராம் நெய்க்கு ஈடானது. விளையாட்டுத் தகுதியால் வங்கியிலோ ரயில்வேயிலோ பணிபெற்றவர், ஆட்டநாள் முடிந்து முழுநேரமும் மேசைமுன் அமரும்போது இந்த மாற்றத்தையே சந்திக்கிறார். பழைய மூட்டுக் காயங்கள் அவரது நடையையும் குறைத்துவிடுகின்றன.

தசை கொழுப்பாக மாறிவிடுகிறது என்பது பரவலான தவறான நம்பிக்கை. இரண்டும் வெவ்வேறு திசுக்கள். பயன்பாடு குறைந்த தசை சுருங்குகிறது. செலவாகாத உணவு கொழுப்பாகச் சேர்கிறது. ஓய்வாக இருக்கும்போதும் தசை, அதே எடையுள்ள கொழுப்பைக் காட்டிலும் ஏறத்தாழ மூன்று மடங்கு ஆற்றலைச் செலவிடும். ஆகவே தசை குறையக் குறைய, உடலின் அன்றாடச் செலவும் குறைகிறது. வயிற்றுப் பகுதியில் சேரும் கொழுப்பு நீரிழிவுக்கும் இதயநோய்க்கும் வழிகோலுவதால், இளமையில் பெற்ற பதக்கங்கள் பிற்கால நலத்துக்கு உத்தரவாதம் ஆவதில்லை.

பயிற்சியைத் திடீரென நிறுத்தாமல் படிப்படியாகக் குறைப்பதும், அதே வேகத்தில் உணவைக் குறைப்பதும் நல்வழி. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பும், இருநாள் தசை வலுப்பயிற்சியும் வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. காயமுற்றவர்கள் மருத்துவரின் ஆலோசனையுடன் நீச்சல், மிதிவண்டி போன்றவற்றைத் தேர்ந்துகொள்ளலாம்.

இக்கணக்கு வீரர்களுக்கு மட்டும் உரியதன்று. ஓடியாடி உழைத்துப் பணி ஓய்வுபெறும் நம் அனைவருக்கும் பொருந்தும். ஓய்வூதியத்துக்கு முன்கூட்டியே திட்டமிடும் நாம், ஓய்வுக்கால உணவுக்கும் நடைக்கும் அவ்வாறே திட்டமிடுவோம். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் எட்டினால், இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் தாமதமின்றிப் பரிசோதித்துக்கொள்வோம்.