செம்புக் கம்பியா, ஒளியிழையா? இணையக் கட்டணத்தின் கணக்கு

மாணவர்களே, வீட்டு இணையத்தின் மாதக் கட்டணத்தை அதன் வேகத்தால் வகுத்துப் பாருங்கள். ஒரு மெகாபிட் வேகத்துக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்பது தெரியும்.

2018-இல் ஜார்ஜ்டவுனில் இரண்டு வீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் வீட்டில் பழைய தொலைபேசிக் கம்பி வழியே வரும் ஸ்ட்ரீமிக்ஸ்: 8 மெகாபிட், 160 ரிங்கிட். இரண்டாவது வீட்டில் ஒளியிழை வழியே யூனிஃபை: 30 மெகாபிட், 79 ரிங்கிட். வகுத்தால் முதல் வீட்டுக்கு 20 ரிங்கிட். இரண்டாவது வீட்டுக்கு ஏறத்தாழ 2 ரிங்கிட் 63 சென். அதிகம் கொடுத்தவருக்குக் குறைந்த வேகம்! ஏன்?

தொலைபேசிக் கம்பி மனிதக் குரலைக் கொண்டுசெல்லப் போடப்பட்டது. இணையத்துக்கு மிக உயர்ந்த அதிர்வெண் தேவை. அந்த மின் சமிக்ஞை செம்பில் போகப் போக வேகமாக வலுவிழக்கும். தொலைபேசி நிலையத்திலிருந்து வீடு தள்ளியிருந்தால் வேகமும் குறையும்.

ஒளியிழையில் ஒளி முழு அக எதிரொளிப்பால் கண்ணாடிக்குள்ளேயே பயணிக்கிறது. சுமார் 15 கிலோமீட்டர் கடந்த பிறகுதான் அதன் திறன் பாதியாகும். நிலையத்திலிருந்து வரும் ஓர் இழையை, மின்சாரமே தேவைப்படாத ஒரு பிரிப்பான் மூலம் 32 வீடுகளுக்குப் பங்கிடலாம். எனவே ஒரு வீட்டுக்கான செலவு குறைகிறது.

அப்படியானால் ஒளியிழை வந்த அன்றே விலை இறங்கியிருக்க வேண்டுமே? இறங்கவில்லை. 2010-இல் யூனிஃபை அறிமுகமானபோது 5 மெகாபிட்டுக்கு 149 ரிங்கிட். அதாவது ஒரு மெகாபிட்டுக்கு ஏறக்குறைய 30 ரிங்கிட். 2018 ஜூனில்தான் திருப்பம் வந்தது. கம்பி வலையை வைத்திருக்கும் நிறுவனம் மற்ற நிறுவனங்களிடம் வசூலிக்கும் மொத்த விலைக்கு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் உச்சவரம்பு விதித்தது. போட்டி கூடியது, கட்டணம் சரிந்தது.

ஆக, விலை குறைய அறிவியல் வழி திறந்தது. விதியும் போட்டியும் அந்தப் பலனை வீட்டுக்குக் கொண்டுவந்தன. ஆனால் ஒளியிழை எட்டாத வீட்டுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டு வகுப்புகள் இணையத்துக்கு மாறியபோது, வேகக் குறைவு படிப்பையே பாதித்தது.

சில அடுக்குமாடிகளில் கட்டடத்தின் அடிவரை ஒளியிழை, மாடிகளுக்குச் செம்புக் கம்பி என்ற கலப்பு முறையும் உண்டு. உங்கள் வீட்டுக்குள் வருவது எது? இன்றே பாருங்கள். பிறகு, முதலில் சொன்ன வகுத்தலைச் செய்து, விடையை நண்பரின் வீட்டுக் கணக்கோடு ஒப்பிடுங்கள்.