காலடியில் ஓடும் ஆறுகள்

விளம்பரத் துறையில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த தொழிலை விட்டுவிட்டு, தண்ணீர் நிறைந்த குகைகளைத் தேடிப் போனவர் ஜில் ஹைனெர்த். 1965இல் பிறந்தவர். ரொறன்ரோ யோர்க் பல்கலைக்கழகத்தில் படித்து, அந்த நகரத்திலேயே வடிவமைப்பாளராக வேலை செய்தவர்.

குகைக்குள் மூழ்குகிறவருக்கு ஆபத்து வந்தால் சட்டென்று மேலே எழும்ப வழியில்லை. தலைக்கு மேல் பாறை. கால் துடுப்பு அடியில் பட்டால் வண்டல் கிளம்பி விளக்கு வெளிச்சத்தையும் விழுங்கிவிடும். அப்போது வாசலிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மெல்லிய கயிறுதான் துணை. ஆழமோ இன்னும் பொல்லாதது. அழுத்தத்தில் இரத்தத்தில் கரைந்த வாயு, அவசரமாக மேலேறினால் சோடாப் போத்தலைத் திறந்ததுபோலக் குமிழியாகிவிடும். உடல் முடங்கலாம், உயிரும் போகலாம். அதனால் திரும்பும் வழியில் பல மணி நேரம் காத்துக் காத்துத்தான் மேலே வரவேண்டும்.

புளோரிடாவின் வக்குல்லா ஊற்றில் 1998-99இல் குகை ஆய்வாளர் பில் ஸ்டோன் நடத்திய பயணத்தில் ஹைனெர்த் சேர்ந்தார். ஆழம் சுமார் 90 மீற்றர். அங்கே அழுத்தம் மேற்பரப்பைவிடப் பத்து மடங்கு. ஒலியலைகளால் சுவர்களை அளக்கும் கருவியைக் குகைக்குள் ஓட்டிச் சென்று முப்பரிமாண வரைபடம் எடுத்தார்கள்.

2001இல் அந்தார்க்டிகாவின் பி-15 என்ற மிதக்கும் பனிப்பாறைக்குள் இருந்த குகைகளிலும் மூழ்கினார். அதுவரை எவரும் செய்யாத காரியம். நீரோட்டம் அடியிலேயே அமுக்கிப் பிடித்தபோது, சிறு மீன்கள் பனிச்சுவரில் குடைந்திருந்த துளைகளில் விரல்களை நுழைத்து ஏறித் தப்பினார்.

2013இல் கனேடிய அரச புவியியல் சங்கம் அவருக்கு ஒரு புதிய பதக்கத்தை முதன்முதலாக வழங்கியது. கண்டியில் பிறந்து ரொறன்ரோவில் பதிப்பாளராக உயர்ந்த கிறிஸ்தோபர் ஒண்டாச்சியின் பெயர் தாங்கிய பதக்கம் அது.

ஆனாலும் அவர் செய்ததில் மிகப் பயனுள்ளது, 2003இல் வந்த ஓர் ஆவணப்படத்துக்காகப் புளோரிடாவில் செய்த வேலைதான். நிலத்துக்கடியில் அவர் நீந்த, மேலே ஒரு குழு அவர் கொண்டுசென்ற கருவியின் சமிக்ஞையைப் பிடித்துப் பின்தொடர்ந்தது. பாதை உணவகத்துக்கும் வீதிகளுக்கும் அடியால் போனது. மக்கள் கொட்டுவது எந்தத் தண்ணீரில் போய்ச் சேர்கிறது என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

புளோரிடாவைப் போலவே யாழ்ப்பாணக் குடாநாடும் அடியில் தண்ணீர் ஓடும் சுண்ணாம்புக்கல் நிலம். புத்தூர் நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் அதன் அடையாளங்கள். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததையும் அந்த மக்கள் கண்டிருக்கிறார்கள். ரொறன்ரோவிலிருந்து ஊரில் வீடு கட்டக் காசு அனுப்புகிறவர்களே, மாடி எத்தனை என்று கேட்பதற்கு முன்னால், மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து எவ்வளவு தூரத்தில் வெட்டப்படுகிறது என்று கேளுங்கள்.