கைபேசிக் கதிரலையும் மாடிக் கோபுரமும்

ஓசூர் நெடுஞ்சாலையையொட்டிய எங்கள் சந்தாபுரா பகுதியில் அடுக்ககங்கள் பெருகியதோடு மாடிகளில் கைபேசிக் கோபுரங்களும் பெருகியுள்ளன. அவற்றின் கதிரலையால் தீங்கு நேருமோ என்று வாடிக்கையாளர் பலர் எங்களிடம் வினவுவதுண்டு. கோபுரத்திற்கு அஞ்சுவோர் கைபேசியைத் தலையணைக்கடியில் வைத்து உறங்குவதே எங்களுக்கு வியப்பு.

கதிரலையின் வலிமை தொலைவுக்கேற்ப விரைந்து குறையும். தொலைவு இரு மடங்கானால் வலிமை நான்கில் ஒரு பங்காகிவிடும். கோபுரம் பல மீட்டர் அப்பால் நிற்கிறது. கைபேசியோ காதோடு ஒட்டியிருக்கிறது. ஆதலின் பேசும்போது தலை ஏற்கும் அலையில் பெரும்பங்கு நம் கைபேசியிலிருந்தே வருகிறது. மேலும், சிக்னல் நலிந்த இடத்தில் கைபேசி தன் ஆற்றலைக் கூட்டிக்கொண்டே கோபுரத்தை எட்டுகிறது. தரைக்கீழ் வாகன நிறுத்தத்திலும் லிஃப்டிலும் நிகழ்வது இதுவே. அருகில் கோபுரம் இருப்பின் கைபேசி மெல்லிய ஆற்றலுடன் இயங்கும். கோபுரத்தை விரட்டினால் கையிலுள்ள கருவி உரக்கப் பேசத் தொடங்கும்!

உடல் திசு உறிஞ்சும் ஆற்றலை எஸ்.ஏ.ஆர். என்ற அளவால் குறிப்பர். இந்தியாவில் 2012 செப்டம்பர் 1 முதல் இதன் வரம்பு, 1 கிராம் திசுவின் சராசரியாக, கிலோகிராமுக்கு 1.6 வாட். கோபுரங்களுக்கான வரம்பும் அன்று முதல் பன்னாட்டு நெறியின் பத்தில் ஒரு பங்காக்கப்பட்டது. *#07# என்று அழுத்தினால் பல கைபேசிகளில் இவ்வளவைக் காணலாம். எனினும் அது உச்ச ஆற்றலில் அளக்கப்பட்டது. அன்றாடப் பயன்பாட்டில் ஏற்பது பெரும்பாலும் குறைவே.

2011இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இவ்வலைகளை ‘புற்றுநோய் விளைவிக்கக்கூடும்’ என்ற 2பி பிரிவில் சேர்த்தது. கற்றாழையின் முழு இலைச் சாறும் பின்னர் அதே பிரிவில் சேர்ந்தது! உலக சுகாதார நிறுவனத்திற்காகச் செய்யப்பட்டு 2024இல் வெளியான மறுஆய்வு, கைபேசிக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை. ஆயினும் நெடுநேரம் பேசுவோர் இயர்போனையோ ஸ்பீக்கரையோ பயன்படுத்துவது எளிது. பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் கைபேசியைச் சட்டைப்பையில் வைக்காமல், கருவியிலிருந்து 15 செ.மீ. விலக்கி வைத்தல் வேண்டும்.

கோபுரத்தின் அலையளவில் ஐயமுடையோர் அரசின் ‘தரங் சஞ்சார்’ தளத்தில் கட்டணம் செலுத்திச் சோதனை கோரலாம். கதிரலையைத் தடுப்பதாக விற்கப்படும் ஒட்டுவில்லைகளுக்குப் பணம் செலவிட வேண்டாம். மாடியில் கோபுரம் அமைத்துப் பெருவாடகை தருவதாகக் கூறி முன்பணம் கேட்போரிடம் மிகுந்த எச்சரிக்கை தேவை. இதற்கென டிராய் கட்டணம் வசூலிப்பதுமில்லை, தடையின்மைச் சான்று வழங்குவதுமில்லை. பணம் அனுப்பிவிட்டவர்கள் தாமதியாமல் 1930 என்ற எண்ணை அழைத்து, கிளைக்கும் தெரிவிக்க வேண்டுகிறோம்.