அம்மா திருப்பி வைத்த இட்லித் தட்டு... வீடியோ கேமுக்குள் இருக்கும் கதைசொல்லிகளுக்கு ஒரு வணக்கம்!

பௌர்ணமி வந்துவிட்டால் திருவண்ணாமலையில் வீட்டுக்கு வீடு விருந்தாளிகள்தான். வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது. எங்கள் வீட்டிலும் அன்றைக்கு அப்படித்தான். சென்னையிலிருந்து அக்கா குடும்பம் வந்திருந்தது. சீக்கிரம் சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்கு கிரிவலம் கிளம்புவதாகத் திட்டம்.

எல்லோரும் தயார். பிளஸ் ஒன் படிக்கும் அக்கா மகன் மட்டும் லேப்டாப்பை விட்டு எழுந்திருக்கவில்லை.

"ஊரே மலை சுத்தப் போகுது. இவனுக்கு மட்டும் எந்நேரமும் கேமு" என்று அக்கா ஆரம்பித்தாள். நானும் என் பங்குக்கு, "வருஷத்துக்கு ரெண்டு தடவைதான் ஆயாவைப் பாக்க வர்ற. அப்பவும் இதுதானா?" என்றேன்.

அவன் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த என் அம்மாதான் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையைப் பார்த்தார்.

"என்னடா இது, இட்லி ஊத்துற மாதிரி இருக்கு?"

"ஆமா ஆயா. சமையல் புத்தகம் கிழிஞ்சுபோச்சு. தட்டை எப்படி அடுக்கணும்னு அதுல தெரியலை. நான் வெச்சா தப்புங்குது."

"குழிக்கு நேரா குழி வெச்சா ஆவி எப்படிடா மேல ஏறும்? நடுத்தட்டைத் திருப்பி வை."

திருப்பி வைத்தான். இட்லி வெந்தது. அம்மா வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அதன்பிறகு ஒன்றரை மணி நேரம் ஆயாவும் பேரனும் நகரவில்லை. நாங்கள் மலை சுற்றக் கிளம்பியபோது மணி பத்தரை.

கிளம்பும்முன் அம்மா ஒரு கேள்வி கேட்டார். "இதை யாருடா செஞ்சது?"

எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் ஒரு கேமைப் பார்த்து அப்படிக் கேட்க எனக்குத் தோன்றியதும் இல்லை. சினிமா என்றால் இயக்குநர் யார், இசை யார் என்று தெரிந்துகொண்டுதான் தியேட்டருக்கே போகிறோம். கேமுக்கு மட்டும் ஏன் அந்தக் கேள்வி வருவதில்லை?

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனபோது கிடைத்த மனிதர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

டொரண்டோவில் ஒரு தமிழ்ச் சமையலறை

அன்றிரவு அவன் விளையாடிய கேமின் பெயர் 'வெண்பா'. 2023 ஜூலை கடைசியில் வெளியானது. உருவாக்கியது கனடாவின் டொரண்டோவில் இருக்கும் 'விசை கேம்ஸ்' என்ற சிறிய நிறுவனம். வடிவமைப்பாளர் அபி. ஓவியத்துக்குத் தலைமை சாம் எல்கானா. இசை, 'ஆல்ஃபா சம்திங்' என்ற பெயரில் இயங்கும் இசையமைப்பாளர்.

கதை 1988-ல் தொடங்குகிறது. தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் போன வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கே பிறக்கும் மகன் கவின். இவ்வளவுதான் குடும்பம். துப்பாக்கி கிடையாது, துரத்தல் கிடையாது. வெண்பாவின் அம்மா கொடுத்தனுப்பிய பழைய சமையல் புத்தகம் ஒன்று இருக்கிறது. அதில் பாதி கிழிந்திருக்கிறது, மீதி அழிந்திருக்கிறது. இட்லி, புட்டு, பிரியாணி என்று ஒவ்வொன்றையும் விட்ட இடத்தை யூகித்துச் சமைக்க வேண்டும். அதுதான் விளையாட்டு.

சமையலுக்கு நடுவே வருடங்கள் ஓடுகின்றன. பையன் வளர்கிறான். வீட்டில் தமிழ், வெளியே ஆங்கிலம். மெல்ல மெல்ல அம்மாவுக்கும் மகனுக்கும் நடுவே ஒரு தூரம் விழுகிறது. மகன் வருவான் என்று ஆசை ஆசையாகச் சமைத்து வைத்துவிட்டு அம்மா காத்திருக்கும் கட்டம் வந்தபோது, எங்கள் கூடத்தில் யாரும் பேசவில்லை. அக்கா தன் மகனைப் பார்த்தாள். நான் என் அம்மாவைப் பார்த்தேன். பிள்ளைகளுக்குப் பிடித்ததைச் செய்து டப்பாவில் அடைத்து பஸ்ஸில் கொடுத்தனுப்பியே பழகியவர் அவர். முடிவை இங்கே சொல்லப்போவதில்லை. நீங்களே பாருங்கள்.

இந்தச் சின்ன சமையலறைக் கதை 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா விருது மேடையில் சிறந்த அறிமுக கேம் விருதை வாங்கியது. அதே ஆண்டு, சுயாதீன கேம்களுக்கான ஐ.ஜி.எஃப் விழாவில் முதல் பரிசும் இதற்குத்தான். கோடிகளைக் கொட்டிச் செய்யும் கேம்களுக்கு நடுவே தமிழ்ப் பெயர் வைத்த கேம் ஒன்று, இட்லிப் பானையோடு போய் ஜெயித்திருக்கிறது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

மகள்களுக்காக ஒரு குகை

கதை சொல்லும் இந்த வகை கேம்களுக்கு 'அட்வென்சர்' என்று பெயர். அந்தப் பெயரே ஒரு அப்பாவிடமிருந்து வந்ததுதான்.

அமெரிக்காவில் வில்லியம் க்ரவுதர் என்று ஒரு புரோகிராமர். இன்றைய இணையத்துக்கு முன்னோடியான அர்பாநெட்டில் வேலை செய்தவர். ஓய்வு நேரமெல்லாம் குகைகளுக்குள் இறங்கி வரைபடம் எடுப்பதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. மனைவியும் அவருடன் குகைக்குள் இறங்குபவர். 1970-களின் நடுவில் இருவரும் பிரிந்தார்கள். மகள்கள் தன்னைப் பார்க்க வரும்போது சேர்ந்து விளையாட ஏதாவது வேண்டும் என்று நினைத்த க்ரவுதர், தனக்குத் தெரிந்த கென்டக்கி குகையைக் கம்ப்யூட்டருக்குள் எழுதினார். படம் கிடையாது, எழுத்து மட்டும்தான். 'வடக்கே போ', 'விளக்கை எடு' என்று தட்டினால் அடுத்து என்ன தெரிகிறது என்று கம்ப்யூட்டர் எழுத்தில் சொல்லும்.

அது கைமாறி ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனது. அங்கிருந்த டான் வுட்ஸ் என்ற மாணவருக்கு அதை இன்னும் பெரிதாக்க ஆசை. ஆனால், எழுதியவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாது. என்ன செய்தார் தெரியுமா? அன்றைக்கு வலைப்பின்னலில் இருந்த கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றுக்கும் 'க்ரவுதர்' என்ற பெயர் போட்டு மெயில் அனுப்பினார். பதில் வந்தது. அனுமதி கேட்டு வாங்கி, 1977-ல் அதை விரிவாக்கினார்.

'இதை யார் செஞ்சது' என்று கேட்டுத் தேடிப்போன முதல் ரசிகர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

அந்தக் குகைக்குள் விழுந்தவர்களில் ரொபர்ட்டா வில்லியம்ஸ் என்ற இளம் தாயும் ஒருவர். விளையாடி முடித்ததும், இதேபோல நாமும் ஒரு கதை செய்தால் என்ன என்று சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். கணவர் கென், அதற்கு புரோகிராம் எழுதினார். 1980-ல் 'மிஸ்டரி ஹவுஸ்' பிறந்தது. எழுத்தோடு படத்தையும் சேர்த்துக் காட்டிய முதல் அட்வென்சர் கேம் அது.

பூட்டிய அறைக்குள் ஒரு பெயர்

அதே காலகட்டத்தில் அடாரி நிறுவனத்தில் வாரன் ராபினெட் என்ற இளைஞர் வேலை பார்த்தார். அவரும் க்ரவுதரின் குகையைப் பார்த்து மயங்கியவர்தான். டி.வி-யில் விளையாடும்படி 'அட்வென்சர்' என்றே ஒரு கேம் செய்தார். கோட்டைகள், சாவிகள், டிராகன்கள். எல்லாம் ஒரே ஆளின் வேலை.

ஆனால், கேமை உருவாக்கியவர் பெயரை அடாரி எங்கும் போடாது. பெட்டி மேலே நிறுவனத்தின் பெயர் மட்டுமே இருக்கும். ராபினெட் சண்டை போடவில்லை. கேமுக்குள் ஒரு ரகசிய அறை கட்டினார். கறுப்புக் கோட்டைக்குள் கண்ணுக்கே தெரியாத ஒரு புள்ளியை எடுத்துக்கொண்டு குறிப்பிட்ட இடத்துக்குப் போனால்தான் அந்த அறை திறக்கும். உள்ளே, இதை உருவாக்கியவர் வாரன் ராபினெட் என்ற எழுத்துகள் வண்ணம் மாறி மின்னும். யாரிடமும் சொல்லாமல் வேலையை விட்டுப் போய்விட்டார்.

கேம் வெளியான பிறகு, பதினைந்து வயதுப் பையன் ஒருவன் அந்த அறையைக் கண்டுபிடித்து நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினான். அதன்பிறகுதான் அடாரிக்கே விஷயம் தெரிந்தது! கேம்களில் ஒளித்து வைக்கும் ரகசியங்களை இன்றைக்கு 'ஈஸ்டர் எக்' என்கிறார்கள். அந்தப் பெயர் வழக்கத்துக்கு வரக் காரணமே இந்த அறைதான்.

பெயரை ஒளித்து வைக்க வேண்டிய காலம் போய்விட்டது. இன்று கேம் முடிந்ததும் பெயர்கள் வரிசையாக ஓடுகின்றன. ஆனால், நாம் அவற்றைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

அந்தப் பெயர்களுக்குப் பின்னால் சம்பளமும் வீட்டு வாடகையும் இருக்கின்றன. 'வாக்கிங் டெட்' தொடர் கேம்களால் பெயர் வாங்கிய டெல்டேல் நிறுவனம், 2018 செப்டம்பரில் ஒரே நாளில் சுமார் 250 பேரை வீட்டுக்கு அனுப்பியது. தொடரின் கடைசிப் பாகம் பாதியில் நின்றது. பிறகு வேறொரு நிறுவனம் முன்வர, அதே குழுவில் இருந்த பலர் திரும்பி வந்து 2019-ல் கதையை முடித்துக் கொடுத்தார்கள். 'நம்ம கதையை நாமதான் முடிக்கணும்' என்ற பிடிவாதம் எந்த எழுத்தாளருக்கும் குறைந்ததில்லை.

நம் நாட்டிலும் அந்தப் பிடிவாதம் உண்டு. புனேவின் 'நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ்' குழு, காணாமல்போன தம்பியைத் தேடிப்போகும் அக்காவின் கதையை 'ராஜி' என்ற கேமாகச் செய்யத் தொடங்கியது. 2017-ல் மக்களிடம் நிதி திரட்ட முயன்றார்கள், இலக்கை எட்டவில்லை. விடவில்லை. 2020-ல் கேமை வெளியிட்டே தீர்த்தார்கள்.

கூத்து பார்த்த ஊருக்கு இது புதுசா?

கிரிவலப் பாதையில் நடந்துகொண்டே இதையெல்லாம் அக்கா மகன் எனக்குச் சொல்லி வந்தான். பாதி அவனுக்குத் தெரிந்தது, மீதி போனில் தேடியது. அக்னி லிங்கம் தாண்டும்போது அம்மா ஒரு விஷயம் சொன்னார். அவர் பிறந்தது செய்யாறு பக்கம். தெருக்கூத்துக்குப் பேர்போன புரிசை இருக்கும் வட்டாரம்.

"எங்க ஊர்ல திரௌபதி அம்மன் திருவிழான்னா பாரதக் கூத்தை உக்காந்து மட்டும் பாக்க மாட்டோம். அர்ச்சுனன் தபசு மரம் ஏறினா, கீழ நின்னு அவன் போடற எலுமிச்சம்பழத்துக்கு மடி ஏந்துவோம். படுகளத்தன்னிக்கு மண்ணுல துரியோதனனைப் பெருசா செஞ்சு படுக்க வெச்சிருப்பாங்க. அங்க ஊரே போய் நிக்கும். கதைக்குள்ளயே நாமளும் இருப்போம். இவன் விளையாடறதும் அதேதானே?"

யோசித்துப் பார்த்தால் சரிதான். நாமும் உள்ளே நடந்துபோகிற கதை நம் மண்ணுக்குப் புதிதில்லை. அதைச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் யார், வேஷம் கட்டுபவர் யார், முகவீணை யார் என்று ஊருக்கே தெரியும். விடிந்ததும் வாத்தியாருக்குத் துண்டு போர்த்துவார்கள். திரைக்குப் பின்னால் கதை கட்டுபவருக்கு நாம் இன்னும் துண்டு போர்த்தவில்லை, அவ்வளவுதான்.

நம்மால் என்ன செய்ய முடியும்?

போனில் எல்லா கேமும் ஒன்று என்று நினைக்காதீர்கள். காசு வைத்து ஆடும் ரம்மியும், விளையாட விளையாடப் பணம் கேட்கும் கேம்களும் வேறு. கதை கேம்கள் பெரும்பாலும் ஒருமுறை காசு கொடுத்து வாங்குபவை. ஒரு நாவலைப்போல அவற்றுக்கு முடிவு உண்டு.

போனிலேயே தொடங்க ஆசைப்படுபவர்களுக்கு, ஆஸ்திரேலியாவின் 'மவுன்டன்ஸ்' குழு 2018-ல் செய்த 'ஃப்ளோரன்ஸ்' நல்ல ஆரம்பம். ஒரு பெண்ணின் முதல் காதல், முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இருவரும் பேசிக்கொள்ள, துண்டுகளைச் சேர்த்து வசனக் குமிழியை அமைக்க வேண்டும். நெருக்கம் கூடக்கூடத் துண்டுகள் குறையும், பேச்சு சுலபமாகும். சண்டை வந்தால் துண்டுகள் கூர் கூராக மாறும். ஒரு வரி வசனம் இல்லாமல் இதைச் சொன்னவர்களைப் பாராட்டாமல் இருக்க முடியுமா? 'வெண்பா'வை கம்ப்யூட்டரிலும் ஸ்விட்ச், ப்ளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் போன்ற கருவிகளிலும் விளையாடலாம்.

பிள்ளைகளுக்கு வாங்கும்முன் வயது வரம்பைப் பாருங்கள். 'வாக்கிங் டெட்' போன்றவை பெரியவர்களுக்கானவை. திருட்டுப் பிரதியில் விளையாடாதீர்கள். சின்னக் குழுக்களுக்கு ஒவ்வொரு பிரதியும் சோறு. பிடித்திருந்தால் கடைப் பக்கத்தில் தமிழிலேயே நாலு வரி விமர்சனம் எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, திட்டுவதற்கு முன் ஒரு பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

நாங்கள் வீடு திரும்பியபோது விடியற்காலை மூன்று மணி. கால் வலியில் ஆளுக்கொரு மூலையில் சாய்ந்தோம். அக்கா மகன் லேப்டாப்பைத் திறந்து, நாங்கள் அவசரத்தில் மூடிவிட்டுப் போன அந்தக் கடைசிப் பெயர்ப் பட்டியலை ஓடவிட்டான். ஆங்கிலத்தில் இருந்த ஒவ்வொரு பெயரையும் ஆயாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினான்.

கடைசிவரை கேட்டுவிட்டு அம்மா சொன்னார். "நல்லா இருக்கட்டும் புள்ளைங்க."

பிறகு எழுந்து, காலை இட்லிக்கு மாவு பொங்கியிருக்கிறதா என்று பார்க்கப் போனார். இந்த முறை பேரனும் கூடவே எழுந்து போனான்.