கற்ற இளைஞரும் நகராட்சியும்: பிற்ஸ்பேர்க்கின் அனுபவம்

கற்றுத் தேறிய இளைஞர் தம்மூரை விட்டு நீங்குவாராயின், அவ்வூரின் கட்டடங்கள் நிலைத்திருப்பினும் வளர்ச்சி நிலைத்திராது. அத்தகையோரை ஈர்த்து நிறுத்துதற்கு நகராட்சியினர் முதற்கண் செய்யவேண்டுவது யாது? அரங்குகளும் பூங்காக்களும் அமைத்தால் அவர் வருவர் என்பர் ஒரு சாரார். தொழில் இருப்பின் ஏனையவை தாமே வந்தெய்தும் என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றுக்களையும் உரைத்துப் பார்த்தற்கு ஏற்ற கட்டளைக்கல்லாயமைவது ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துப் பிற்ஸ்பேர்க் நகரமாகும்.

அலிகெனி, மொனொங்ககேலா என்னும் ஈராறுகள் கூடி ஒகாயோ எனப் பெயர் பெறுமிடத்தில் அமைந்தது இந்நகரம். நிலக்கரியும் உருக்கும் அதற்குப் பெருஞ்செல்வம் ஈட்டின. உடன் புகையையும் கொணர்ந்தன. பகலிலும் தெருவிளக்கு ஏற்ற நேர்ந்த நாள்கள் உண்டு. 1941ஆம் ஆண்டிற் புகைத்தடைச் சட்டம் இயற்றப்பட்டதெனினும், போர் முடிந்து டேவிட் லோறன்ஸ் நகரபிதாவாகப் பதவியேற்ற 1946ஆம் ஆண்டிலேயே அது நடைமுறைக்கு வந்தது. மலிவான நிலக்கரியால் வீட்டைச் சூடேற்றிய எளியோர்க்கு இது சுமையாயிற்று, எதிர்ப்பும் எழுந்தது. ஆயினும் சில ஆண்டுகளில் வானம் வெளுத்தது. மூச்சுவிடத் தகாத ஊரில் வேறெவ்வசதியும் வசதியாகாது என உணர்ந்து காற்றை முதலிற் சீர்செய்தமை அறிவுடைமையே. அதே ஆட்சியின் மற்றொரு செயலை அவ்வாறு புகழ்தற்கில்லை. பெரும்பாலும் கறுப்பினத்தவர் வாழ்ந்த லோவர் ஹில் பகுதியிலிருந்து ஏறக்குறைய 8,000 மக்கள் 1950களில் அகற்றப்பட்டனர். அவ்விடத்தில் எழுப்பிய பேரரங்கு 1961இல் திறக்கப்பட்டது. ஐம்பதாண்டு கழிந்தபின் அவ்வரங்கும் இடிக்கப்பட்டது. பெயர்ந்த குடிகள் பெயர்ந்தவையே.

1980களின் தொடக்கத்தில் உருக்குத் தொழில் சரிந்தது. புகழ்பெற்ற ஹோம்ஸ்ரெட் ஆலை 1986இல் மூடப்பட்டது. வேலையிழந்தோருள் முதியோர் பெரும்பாலும் தங்க, இளையோர் புறப்பட்டனர். இளைஞர் நீங்கும்போது அவர்க்குப் பிறக்கவிருக்கும் பிள்ளைகளும் உடன் நீங்குகின்றனர் என்பதைப் பலர் எண்ணுவதில்லை. பின்னைய ஆண்டுகளில் அப்பகுதியில் இறப்புத் தொகை பிறப்புத் தொகையை விஞ்சியதற்கு இதுவே பெருங்காரணமாகும். 1950இல் 676,000க்கு மேற்பட்டிருந்த நகர மக்கட்டொகை, புறநகர்க் குடியேற்றத்தாலும் இப்பெயர்வாலும், 2020இல் ஏறத்தாழ 303,000 ஆகக் குறைந்தது.

ஆலைகள் போயினும் பல்கலைக்கழகங்கள் இருந்தன. எனினும் பட்டம் பெற்றவுடன் மாணாக்கர் பொஸ்ரனுக்கும் கலிபோர்ணியாவுக்கும் சென்றனர். கார்ணிகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1994இல் தோன்றிய லைக்கோஸ் என்னும் இணையத் தேடற்பொறி நிறுவனமும் பொஸ்ரன் பகுதிக்கே பெயர்ந்தது. அங்கு அக்காலத்திற் பேராசிரியராயிருந்த றிச்சாட் புளோரிடா 2002இல் வெளியிட்ட நூலில் இந்நிகழ்ச்சியை எடுத்தாண்டு, மக்கள் தொழிலைத் தேடிச் செல்வதினும் தொழில்களே கற்றோரைத் தேடிச் செல்கின்றன என வாதித்தார். கலை, சகிப்புத்தன்மை, உயிர்ப்புள்ள தெருக்கள் ஆகியவை அவர்களை ஈர்க்கும் என்பது அவர் கொள்கை. அதனைப் படித்த நகராட்சியாளர் பலர் கோப்பிக் கடைகளும் சைக்கிட் பாதைகளுமே மருந்தெனக் கொண்டனர்.

இக்கொள்கை பாதி உண்மையே. இளைஞன் ஒரு நகரிற் குடியேறுமுன் நாடுவது ஒரு வேலையை மாத்திரமன்று. அது தவறின் அவ்வூரிலேயே மற்றொன்று கிட்டுமா, தன் துணைக்கும் ஏற்ற தொழில் உண்டா என்றும் ஆராய்கின்றான். பொஸ்ரனின் கவர்ச்சியிற் பெரும்பகுதி அதுவே. இத்தகைய தொழிற்பெருக்கம் ஓராட்சிக் காலத்தில் விளைவதன்று. கார்ணிகி மெலனில் இயந்திரமனிதவியல் நிறுவகம் அமைந்தது 1979இல். கூகிள் நிறுவனம் அந்நகரில் அலுவலகம் திறந்தது 2006இல். பின்னர் 2010இல் அவ்வலுவலகம் பழைய பிஸ்கற்றுத் தொழிற்சாலை ஒன்றினுட் குடிபுகுந்தது. இடைப்பட்ட காலத்திற் பதவி வகித்த நகரபிதாக்கள் சிலர்க்கு விதைத்த பெருமையுமில்லை, அறுத்த பெருமையுமில்லை. வந்தோர் தாமாகவே வேரூன்றியதும் உண்டு: தென்னிந்தியாவிலிருந்து சென்ற வைத்தியரும் பொறியியலாளரும் 1970களிற் புறநகராகிய பென் ஹில்சில் வேங்கடேசுவரர் கோயில் எடுத்தனர். நகரசபைக் கணக்கேட்டில் இவ்வகை ஈர்ப்பிற்குச் செலவுத்தலைப்பு இல்லை.

செலவுத்தலைப்புப் பெற்றவை வேறு. விளையாட்டரங்குகளுக்காக விற்பனை வரியை உயர்த்தும் யோசனையை 1997ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் மக்கள் நிராகரித்தனர். ஆயினும் வேறு வழியாற் பொதுப்பணம் திரட்டி, 2001இல் இரு பேரரங்குகள் திறக்கப்பட்டன. ஈராண்டின்பின் நகரசபை பணமுடைக்குள்ளாகிப் பொது நீச்சற்குளங்களையும் பொழுதுபோக்கு நிலையங்களையும் மூடலாயிற்று. 2003 டிசம்பரில் மாநில அரசு அதனை நிதி நலிவுற்ற நகரமென அறிவித்தது. அந்நிலை நீங்க 2018 வரை சென்றது. இதற்கிடையில், 2011ஆம் ஆண்டில், நூலகங்களைக் காப்பதற்கெனத் தம் சொத்துக்களின்மீது தனிவரி விதித்துக்கொள்ள அதே நகர மக்கள் வாக்கெடுப்பிற் பேராதரவு அளித்தனர். முதன்மை எதற்கு என்பதிற் குடிகளின் தீர்ப்பே ஆட்சியாளரின் தீர்ப்பினும் தெளிவாயிருந்தது.

புதிய தொழில்கள் வந்தபின் எழுந்தது வாடகைப் பிரச்சினை. கூகிள் அலுவலகத்துக்கு அணித்தாயுள்ள ஈஸ்ற் லிபேட்டியிற் பென் பிளாசா என்னும் குடியிருப்பின் வாடகைக்காரர், 2015ஆம் ஆண்டில் வெளியேறும்படி அறிவித்தல் பெற்றனர். கணினிப் பொறியியலாளன் மாத்திரமே இளம் உத்தியோகத்தனல்லன். புதிதாகப் பணியேற்ற தாதியும் ஆசிரியையும் நூலகரும் அவ்வகுப்பினரே. உயரும் வாடகை பழங்குடிகளை மட்டுமன்றி இவர்களையும் தொலைவிலுள்ள ஊர்களுக்குத் தள்ளுகின்றது. அங்கிருந்து நாடோறும் வேலைக்கு வர இவர்களுட் பலர்க்குத் துணையாவது பஸ். வருவாய் போதாமையால் அந்தப் பஸ் சேவையையே 2011இல் நூற்றுக்கு 15 வீதம் குறைத்திருந்தனர்.